ஃபெலிக்ஸ் பையில் அட்சதை

நானூற்றுப் பன்னிரண்டு.

இந்த எண்ணை ஞாபகத்தில் வைத்துக்கொள்ளுங்கள். அம்பத்தூர் ஓ.டி.யில் போட்டோ ஸ்டுடியோ வைத்திருக்கும் ஃபெலிக்ஸின் கேமரா பையிலிருந்து ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் வெளியே வந்த அட்சதை அரிசியின் எண்ணிக்கை அது. எண்ணியவன் நான். தொழிற்சங்கப் பொதுக்குழுவில் தூக்கிய கைகளை எண்ணிப் பழகியவன். தப்பாக எண்ணமாட்டேன்.

விஷயம் இதுதான். ஃபெலிக்ஸ் அண்டார்டிகாவுக்குப் போனான். கப்பலில். பனிக்கட்டியைப் பார்க்க உலகத்தின் அடிவரைக்கும் டீசல் எரித்துக்கொண்டு போவதைப் பற்றி எனக்கு ஒரு கருத்து உண்டு. அதை வேறு இடத்தில் எழுதுவேன். இது ஃபெலிக்ஸைப் பற்றியது.

முதலில் ஆளைச் சொல்லிவிடுகிறேன். ஐம்பதைத் தாண்டியவன். அப்பா அருள்தாஸ், அம்பத்தூர் தொழிற்பேட்டையில் ஒரு ஃபவுண்டரியில் வார்ப்பு ஊற்றியவர், எங்கள் சங்கத்து ஆள். மகன் பள்ளிக்கூடம் முடித்த கையோடு இரவல் கேமரா ஒன்றைத் தோளில் மாட்டிக்கொண்டு எங்கள் ஆலை வாயிற்கூட்டங்களுக்கு வந்தான். பேசுகிறவன் கையை ஓங்கியிருக்கும் படத்தைத்தான் எல்லாரும் எடுப்பார்கள். இவன் எங்களுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு நின்று, கேட்டுக்கொண்டிருந்தவர்களின் முகங்களை எடுத்தான். அன்றைக்கே அவனை எனக்குப் பிடித்துவிட்டது.

பிறகு கல்யாணம், காதுகுத்து, மஞ்சள் நீராட்டு, ஞானஸ்நானம், வளைகாப்பு. ஆவடியிலிருந்து பூந்தமல்லி வரைக்கும் மண்டபம் என்று போர்டு மாட்டிய எந்தக் கட்டடத்திலும் ஃபெலிக்ஸ் ஒரு பிளாஸ்டிக் ஸ்டூல் மேல் ஏறி நின்றிருக்கிறான். மனைவி ஸ்வீட்லின் வீடியோ எடுப்பாள். ஆல்பமும் அவள் வேலைதான். இரண்டு பேரும் சர்ச் பூசைக்குப் போவது முகூர்த்த நாள் இல்லாத ஞாயிற்றுக்கிழமைகளில் மட்டும்.

ஃபெலிக்ஸிடம் ஒரு பழக்கம். குரூப் போட்டோவுக்கு ஆட்களை நிறுத்திவிட்டு ஒண்ணு, ரெண்டு, மூணு என்று சொல்லி மூணில் அமுக்குவது உலக வழக்கம். இவன் ரெண்டிலேயே அமுக்கிவிடுவான். மூணு என்று வாயால் சொல்லும்போது படம் முடிந்திருக்கும்.

"மூணுன்னா எல்லாம் போலீஸ் ஸ்டேஷன்ல நிக்கிற மாதிரி வெறைச்சுக்குறாங்க தலைவரே. ரெண்டுலதான் மனுசனா கீறாங்க" என்பான்.

இந்த ரெண்டுதான் அவனை அண்டார்டிகாவுக்குக் கூட்டிக்கொண்டு போனது.

முகப்பேரில் திருவேங்கடம் என்று ஒருவர். பாட்டன் காலத்தில் அடுத்தவன் நிலத்தில் நாற்று நட்ட குடும்பம். இவர் லேத் பட்டறை வைத்து மேலே வந்தார். இவருடைய மனைவி சாமுண்டீஸ்வரிக்கு ஒரு கோளாறு. மூணு என்று கேட்டதும் கண் மூடிக்கொள்ளும். சொந்தக் கல்யாண ஆல்பத்தில் முதல் பக்கத்திலிருந்து கடைசிப் பக்கம் வரை தூங்குகிறார். அவர் கண் திறந்திருக்கும் படங்கள் எல்லாம் ஃபெலிக்ஸ் எடுத்தவை. மகள் லாவண்யாவின் மஞ்சள் நீராட்டு தொடங்கி அந்த வீட்டின் விசேஷம் ஒன்றையும் வேறு ஆள் எடுத்ததில்லை.

லாவண்யா இப்போது கனடாவில் வேலை பார்க்கிறாள். அப்பாவுக்கு அறுபதாம் கல்யாணம் வந்தது. மண்டபத்தில் சடங்கை முடித்துவிட்டு அப்பா அம்மாவைத் துருவக் கப்பலில் கூட்டிப்போவது என்று அவளும் அவள் புருஷனும் முடிவு செய்தார்கள். அம்மா ஒரே நிபந்தனை போட்டார்.

"அம்மாந்தூரம் போயி கண்ண மூடிகினு நிக்கறதுக்கு நான் இங்கயே நிக்கறேன். ஃபெலிக்ஸ் வந்தா வரேன்."

"ஏம்மே, அங்க போட்டோ எடுக்கற ஆளு கப்பல்லயே கீறான்றாங்க" என்றார் திருவேங்கடம்.

"அவன் மூணு சொல்வான்."

லாவண்யா இன்னொரு டிக்கெட் எடுத்தாள்.

அதனால் ஃபெலிக்ஸின் வேலை என்ன என்பதில் எந்தக் குழப்பமும் கிடையாது. பென்குயினை எவன் வேண்டுமானாலும் எடுப்பான். அண்டார்டிகாவின் தரையில் திருவேங்கடமும் சாமுண்டீஸ்வரியும் நிற்கவேண்டும், அம்மாவின் கண் திறந்திருக்கவேண்டும், அந்த ஒரு படத்துக்காகத்தான் கூட்டிப்போகிறார்கள்.

கார்த்திகை மழை விட்டு விட்டுப் பெய்துகொண்டிருந்த நாளில் ஃபெலிக்ஸ் போன் செய்தான்.

"தலைவரே, ஊட்டாண்ட வாங்க. ஒரு பஞ்சாயத்து."

போனேன். கூடத்தில் நடக்க இடமில்லை. கேமராக்கள், லென்ஸ்கள், ஃப்ளாஷ்கள், குடை விளக்கு, முக்காலி ஸ்டாண்ட், அத்தனைக்கும் நடுவில் அந்தப் பிளாஸ்டிக் ஸ்டூல். சோபாவில் ஸ்வீட்லின் கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். கொக்கி போட்டுத் தூக்கிப் பார்க்கும் ஒரு சின்னத் தராசு அவள் மடியில் இருந்தது.

"கேளுங்கண்ணே" என்றாள். "பிளேன்ல கையில ஏழு கிலோதான் எடுத்துனு போவலாம். கேமராவ கீழ லக்கேஜ்ல போட மாட்டேன்றாரு. சரி. ஆனா ஸ்டூல எடுத்துனு போறேன்றாரு."

"ஸ்டூல கேபின்ல எடுத்துனு போறேன்னு சொன்னனா? லக்கேஜ்லன்னுதான் சொன்னேன்."

"பனிமேல ஸ்டூல் போட்டு ஏறுனா இன்னாயா ஆவும்? ஸ்டூலு உள்ள பூடும், நீ மேல நிப்பியா?"

"அப்போ ஃப்ளாஷ்?"

"சூரியனே ராத்திரி வரைக்கும் கீதாம். உனக்கு எதுக்கு ஃப்ளாஷ்?"

ஃபெலிக்ஸ் என்னைப் பார்த்தான். நிர்வாகத்தோடு பேச்சுவார்த்தைக்குப் போய் உட்காரும் ஆளின் முகம். கொடுக்கவேண்டியதைக் கொடுத்துவிட்டு வேண்டியதை வாங்கவேண்டும் என்று அவனுக்கும் தெரியும். முதலில் எதைக் கொடுப்பது என்பதுதான் தெரியவில்லை.

"உனக்கு எது இல்லாம படம் வராது, அத மொதல்ல சொல்லு" என்றேன்.

யோசித்தான். இரண்டு கேமரா வேண்டும் என்றான். ரப்பர் படகில் கரைக்குப் போகும்போது உப்புத்தண்ணீர் அடிக்கும், அங்கே வைத்து லென்ஸ் மாற்ற முடியாது. அதனால் ஆட்களை எடுக்கும் லென்ஸ் ஒரு கேமராவில், தூரத்தில் இருப்பதை இழுக்கும் நீள லென்ஸ் இன்னொன்றில், போட்டது போட்டபடி. குளிரில் பேட்டரி சீக்கிரம் செத்துப்போகும், ஆகவே பேட்டரிகள் நிறைய. தண்ணீர் புகாத உறை. துடைக்கத் துணி. மெமரி கார்டுகள். முடிந்தது.

ஸ்டூல் சமையலறைக்குப் போனது. குடை விளக்கும் ஸ்டாண்டும் பின்னால் போயின. ஃப்ளாஷை மட்டும் கையில் வைத்துக்கொண்டு கொஞ்ச நேரம் நின்றான். பிறகு அதையும் பீரோவில் வைத்தான்.

"ஃப்ளாஷ் இல்லாம வேலைக்குப் போறது சட்ட இல்லாம போற மாதிரி கீது" என்றான்.

"அங்கதான் ஜாக்கெட் குடுக்கறாங்களே, போட்டுக்கோ" என்றாள் ஸ்வீட்லின்.

எல்லாவற்றையும் புதிதாக வாங்கிய பையில் வைத்துத் தூக்கிப் பார்த்தோம். தராசு ஏழைத் தாண்டிவிட்டது. காரணம் சாமான் அல்ல, பை. உள்ளே ஒன்றும் இல்லாமலே இரண்டு கிலோவுக்கு மேல். சக்கரம், கைப்பிடி, இரும்புக் கம்பி என்று அதற்கே ஒரு குடும்பம். ஃபெலிக்ஸின் பழைய துணிப்பை ஒரு கிலோகூட வராது. கல்யாணம் கல்யாணமாக அவன் தோளில் தொங்கிய பை அது. சாமானை அதற்கு மாற்றித் தூக்கினோம். முள் ஏழுக்கு உள்ளே நின்றது. பழைய பையே போகட்டும் என்று மூன்று பேரும் ஒருமனதாக முடிவெடுத்த நேரத்தில் லாவண்யா போன் செய்தாள்.

ஸ்பீக்கரில் போட்டான்.

"ஃபெலிக்ஸ் அண்ணா, கப்பல் கம்பெனியிலேருந்து மெயில் வந்திருக்கு. பை, ஷூ, டிரஸ் எதுலயும் ஒரு விதை கூட இருக்கக்கூடாதாம். மண்ணு, இலை, பூ எதுவும். கரையில இறங்கறதுக்கு முன்னாடி கப்பல்லயே டார்ச் அடிச்சு செக் பண்ணுவாங்க. சுத்தமா இல்லன்னா அந்தப் பையைக் கரைக்கு விடமாட்டாங்க."

"வெத எதுக்கு பாப்பா ஏங்கிட்ட வரப்போவுது" என்று சொல்லிக்கொண்டே ஃபெலிக்ஸ் பையின் பக்கவாட்டுப் பாக்கெட்டைத் தலைகீழாகத் தட்டினான்.

மஞ்சள் அரிசி உதிர்ந்தது.

ஸ்வீட்லின் வாயைப் பொத்திக்கொண்டாள். ஃபெலிக்ஸ் மறுபடியும் தட்டினான். இன்னும் உதிர்ந்தது. கூடவே காய்ந்த ரோஜா இதழ், ஒரு துண்டு வெற்றிலை, எந்தக் காலத்துக் குங்குமமோ.

"பாப்பா, அரிசி வெதையா?" என்று கேட்டான்.

"ஏண்ணா?"

"சும்மா கேட்டேன். அது நெல்லு இல்லியே. மொளைக்காது இல்ல?"

"அண்ணா, அவங்களுக்கு எல்லாம் ஒண்ணுதான். ஏன், பையில இருக்கா?"

"இல்ல. இனிமே இல்ல" என்று போனை வைத்தான்.

இதில் ஃபெலிக்ஸின் குற்றம் எதுவும் இல்லை. தாலி கட்டும் நேரத்தில் மண்டபமே கை நிறைய அரிசியை எடுத்து மேடையைப் பார்த்து வீசும். மேடைக்கு முன்னால் நிற்பவன் போட்டோகிராபர். பாதி ஆசீர்வாதம் எப்போதும் அவன் தலையில்தான். பை அவன் காலடியில் வாய் திறந்து கிடக்கும்.

அன்று மத்தியானம் முழுவதும் அந்தப் பையைப் பிரித்தோம். உள்ளே லென்ஸ்களைப் பிரித்து வைக்கும் தடுப்புகள் உண்டு. இழுத்தால் சர்ரென்று பிரியும் முள்பட்டையால் ஒட்டியவை. அந்த முட்களுக்கு நடுவில்தான் அரிசி உட்கார்ந்திருந்தது. ஸ்வீட்லின் சேலைக்குக் குத்தும் பின் ஊசியால் ஒவ்வொன்றாக நெம்பினாள். ஃபெலிக்ஸ் பல்துலக்கும் பிரஷால் தேய்த்தான். நான் ஒரு தட்டில் போட்டு எண்ணினேன். நானூற்றுப் பன்னிரண்டு. பிறகு சோப்பு நீரில் பையை ஊறவைத்துத் துவைத்தாள். மழைக்காலத்தில் அது காய்வதற்குள், ஈரத்துணியின் நாற்றம் அந்த வீட்டின் இன்னொரு ஆளாகிவிட்டது. காய்ந்ததும் பிளாஸ்டிக் உறையில் கட்டிப் பரணில் வைத்தார்கள்.

இதற்கிடையில் ஒத்திகை நடந்தது. பழகாத சாமானை வேலைக்குக் கொண்டுபோகக்கூடாது என்பது ஃபெலிக்ஸின் சட்டம். பழைய கேமரா ஒன்றை ஃப்ரீசரில் வைத்தான். ஸ்வீட்லின் வஞ்சிரம் எடுக்கப் போனவள் கேமராவோடு திரும்பினாள்.

"இத வறுக்கறதா, கொழம்பு வெக்கறதா?" என்று கேட்டாள்.

வெளியே எடுத்ததும் கேமரா முழுக்க வியர்த்துக் கொட்டியது. குளிரிலிருந்து கதகதப்பான அறைக்குள் வரும்போது கேமராவைப் பிளாஸ்டிக் கவரில் காற்றுப் புகாமல் மூடி, அது சூடாகும்வரை திறக்கக்கூடாது என்று அப்படித்தான் கற்றுக்கொண்டான். சாமான்களோடு பெரிய கவர்கள் சேர்ந்தன. எடை இல்லாத பொருள் என்பதால் ஸ்வீட்லின் எதிர்க்கவில்லை.

அடுத்தது செம்பரம்பாக்கம். ஆடும் படகிலிருந்து பறவையை எடுக்கப் பழகவேண்டும். படகுக்கு எங்கே போவது? ஏரியை ஒட்டிய பள்ளம் விழுந்த சாலையில் ஸ்வீட்லின் ஸ்கூட்டி ஓட்டினாள், இவன் பின்னால் உட்கார்ந்து நீள லென்ஸால் கொக்குகளைப் படம் பிடித்தான். டீக்கடையில் நின்றவர்கள் கேட்டிருக்கிறார்கள்.

"இன்னா அண்ணாத்தே, ஏரி தொறக்கறாங்களா? டிவிலேருந்தா?"

"ஆமா, தள்ளிக்கோ" என்று ஸ்வீட்லின் சொல்லிவிட்டு வண்டியை முறுக்கினாளாம்.

அறுபதாம் கல்யாணம் வந்தது. மறுநாள் விமானம். நான் முன்வரிசையில் உட்கார்ந்திருந்தேன், அதனால் நடந்ததைக் கண்ணால் பார்த்தவன்.

ஃபெலிக்ஸ் மேடைக்கு முன்னால் கையுறை போட்டுக்கொண்டு நின்றான். அண்டார்டிகாவுக்கு வாங்கிய கையுறை. அதை மாட்டிக்கொண்டு கேமராவின் பித்தானை அமுக்க வருகிறதா என்று பார்க்கிறானாம். நெற்றியில் வியர்வை ஓடியது.

"இன்னா ஃபெலிக்ஸ், ஏசி ஓவரா கீதா?" என்று பின்னாலிருந்து ஒருவர் கேட்டார்.

"மாப்ள பட்டறக்காரரு, ஷாக் அடிக்கும்னு போட்டுகினு கீறான் மாமே" என்றார் இன்னொருவர்.

தம்பதியை உட்காரவைத்துக் கலசத் தண்ணீரைத் தலையில் ஊற்றினார்கள். உறவு முழுக்க வரிசையில் வந்து சொம்பு சொம்பாக ஊற்றியது. ஃபெலிக்ஸ் தண்ணீர் புகாத உறையைக் கேமராவுக்கு மாட்டி, தம்பதியோடு சேர்ந்து தானும் நனைந்து எடுத்தான். ஒரு சொட்டு உள்ளே போகவில்லை. என்னைப் பார்த்துக் கட்டைவிரலைத் தூக்கினான். அவ்வளவு சந்தோஷமாக அவனை நான் பார்த்ததில்லை.

தம்பதி உடை மாற்றி வந்தார்கள். கெட்டிமேளம். திருவேங்கடம் இரண்டாம் தடவையாகத் தாலி கட்டினார். மண்டபம் எழுந்தது. முந்நூறு பேர் கையிலிருந்து அட்சதை பறந்தது.

அப்போதுதான் நான் கீழே பார்த்தேன். மேடைக்குக் கீழே, வழக்கமான இடத்தில், ஃபெலிக்ஸின் காலடியில், வாய் திறந்தபடி ஒரு பை. பழைய துணிப்பை. துவைத்த பை.

சாமானைப் பழகுகிறவன் சாமானை எதில் கொண்டுவருவான்? அதில்தான் கொண்டுவந்திருக்கிறான். அதுவும் ஒத்திகையில் சேர்த்தி. ஒத்திகை அரிசி மழையோடு நடக்கும் என்பது மட்டும் அவன் மண்டையில் ஏறவில்லை. இத்தனை வருஷமாக அந்த மழையில் நின்றவனுக்கு அது மழையாகவே தெரிவதில்லை.

ஸ்வீட்லினும் பார்த்துவிட்டாள். வீடியோ ஓடிக்கொண்டிருந்ததால் வாயைத் திறக்கவில்லை. ஓடி முடிந்ததும் திறந்தாள்.

"யோவ். கீழ பாரு."

பார்த்தான். கையுறையைக் கழற்றினான். பைக்குள் கைவிட்டு ஒரு பிடி அட்சதையை அள்ளிப் பார்த்தான்.

"மறுபடியும் தொவைக்கலாமா?"

"நாளைக்குப் பிளேனு. ஈரப்பைல கேமரா வெப்பியா?"

"வேற பை?"

"ஏழு கிலோக்கு மேல பூடும். உன்ன எறக்கி வுட்டுட்டு பைய ஏத்தலாம்."

அவன் மேடையைப் பார்த்தான். சாமுண்டீஸ்வரி மாலையும் கழுத்துமாக, கண்களை விரியத் திறந்து, யாரோ சொன்னதற்குச் சிரித்துக்கொண்டிருந்தார். இந்தப் பை கரைக்கு இறங்காவிட்டால் அந்தக் கண்கள் அங்கே மூடிக்கொள்ளும். கப்பல்காரன் மூணு சொல்வான்.

பந்தியில் நாங்கள் மூன்று பேரும் உட்காரவில்லை. மணமகள் அறையில் கண்ணாடிக்கு முன்னால் நல்ல வெளிச்சம் இருந்தது. பையை அங்கே கொண்டுபோய்த் தடுப்புகளைப் பிரித்தோம். வீட்டிலிருந்து வேக்குவம் கிளீனர் வந்தது. சேலைப் பின், புருவம் திருத்தும் இடுக்கி, பிரஷ், ஒட்டும் டேப். உடை மாற்ற வந்த சாமுண்டீஸ்வரி எங்களைப் பார்த்தார். தலையிலிருந்து ஊசி ஒன்றை உருவி, உட்கார்ந்து, கேமராவைத் தோளில் மாட்டும் வாரின் மடிப்புகளை நோண்ட ஆரம்பித்தார். அறுபதாம் கல்யாணப் பெண், ஈரத் தலையோடு.

"நாம போட்டத நாமளே பொறுக்கறோம்" என்றார்.

"அண்ணி, உங்க கைப்பையையும் காட்டிடுங்க" என்றான் ஃபெலிக்ஸ்.

"எதுக்கு?"

"காட்டுங்க."

உள்ளே மடித்த காகிதத்தில் ஒரு பொட்டலம் அட்சதை. அங்கே போய்ப் பனியில் நின்று மகளுக்கும் மருமகனுக்கும் தலையில் போடலாம் என்று எடுத்து வைத்திருக்கிறார். அதை நான் வாங்கிச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டேன். இந்த முறை எண்ணவில்லை. எண்ண நேரமில்லை.

மறுநாள் அவர்கள் கிளம்பினார்கள். விமான நிலையத்தில் ஃபெலிக்ஸின் பையைத் தூக்கிப் பார்த்தவர் சீட்டு ஒட்டிவிட்டார். பேட்டரிகளைச் சட்டைக்குள் உள் பாக்கெட்டில் போட்டிருந்தான். குளிருக்கு இப்போதே பழக்கம் என்றான், எடைக்கு என்று ஸ்வீட்லின் என்னிடம் சொன்னாள். அவள் அவர்களோடு போகவில்லை. வெள்ளானூரில் ஒரு வளைகாப்பு ஒப்புக்கொண்டிருந்தாள். ஸ்டூல் இப்போது அவளிடம்.

பல நாள் கழித்து அவன் போனிலிருந்து படம் வந்தது. பின்னால் வெள்ளை. பக்கத்தில் கறுப்புக் கல்லில் நாலு பென்குயின்கள், கூட்டம் முடிந்தும் கலையாத ஆட்களைப்போல. நடுவில் கப்பல் கொடுத்த சிவப்பு ஜாக்கெட்டில் திருவேங்கடம். அதே ஜாக்கெட்டுக்கு மேல் கூறைச்சேலையைச் சால்வையாகச் சுற்றிக்கொண்டு சாமுண்டீஸ்வரி. இரண்டு கண்களும் திறந்திருந்தன. வாய் பாதி திறந்திருந்தது. மூணுக்குத் தயாராகிக்கொண்டிருந்த முகம்.

அந்தப் படத்தை ஸ்வீட்லின் பெரிதாகப் போட்டு ஸ்டுடியோ கண்ணாடியில் ஒட்டியிருக்கிறாள். வளைகாப்பு, மஞ்சள் நீராட்டுப் படங்களுக்கு நடுவில். ஓ.டி. பக்கம் போனால் பாருங்கள்.

ஃபெலிக்ஸ் திரும்பி வந்ததும் நான் கேட்டது ஒன்றைத்தான். கப்பலில் சோதனை எப்படி இருந்தது?

"ஒரு பொண்ணு தலைவரே. நம்ம லாவண்யா வயசு. டார்ச் அடிச்சினு, இடுக்கிய வெச்சுகினு குந்திச்சு. எல்லாத் தடுப்பையும் பிரிச்சுது. எனக்கு முன்னாடி போனவங்கள்லாம் ரப்பர் போட்டுக்கு எறங்கிட்டாங்க. அண்ணி படிக்கட்டாண்ட நின்னுகினு என்னியே பாக்கறாங்க. பொண்ணு கேமரா வாரத் தூக்கி, பக்கிள்குள்ள டார்ச் அடிச்சுது. இடுக்கிய உள்ள வுட்டுது. அப்பால ஒரு சின்னக் குப்பில போட்டு மூடிட்டு, சிரிச்சுது. போன்னு கை காட்டுச்சு."

"எத்தன அரிசி?" என்றேன்.

ஒன்று.